மேலிருந்து ஓர் உத்தரவு

அன்புள்ள ஐயா,

ஜப்பானைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு சையோன்ஜி கின்மோச்சியின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். கியோட்டோவின் பழம்பெரும் அரசவைப் பிரபு குடும்பம், பத்து வருடம் பாரிஸ் வாசம், இரண்டு முறை பிரதமர். கடைசிக் காலத்தில் அடுத்த பிரதமர் யார் என்று பேரரசர் இவரைத்தான் கேட்பாராம். அப்படிப்பட்டவர், 1931இல் ராணுவம் சீனாவின் மஞ்சூரியாவைப் பிடித்தபோது பேரரசரிடம் சொல்லித் தடுத்திருக்கலாமே? நல்லதுக்காக ஒரு உத்தரவு போட்டால் என்ன தப்பு? எனக்கு அவர் கோழையாகத்தான் தெரிகிறார். இன்னொன்று, குலதெய்வத்துக்குப் பயந்து அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது உண்மையா? அவரைப் பற்றி முதலில் எதைப் படிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

கல்யாண விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சையோன்ஜி குடும்பத்தின் பரம்பரைக் கலை பீவா என்கிற நரம்பு வாத்தியம். அதற்குரிய தெய்வம் பென்சாய்தென். நம் சரஸ்வதிதான் பௌத்தத்தோடு கிழக்கே போய் அந்தப் பெயரில் இருக்கிறாள். அவள் பொறாமைப்படுவாள் என்பதால் அந்த வீட்டு ஆண்கள் முறைப்படி மணம் செய்வதில்லை என்று சொல்வார்கள். அவர் கெய்ஷாப் பெண்களோடு வாழ்ந்தார், மகள் பிறந்தாள், மகளுக்கு வந்த மாப்பிள்ளையைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுத்தார். இதில் மேற்கொண்டு தோண்ட ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. ‘நல்லதுக்காக ஒரு உத்தரவு போட்டால் என்ன தப்பு?’ அத்தை தவறியதிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

1881க்குப் போங்கள். சையோன்ஜிக்கு அப்போது 31 வயது. பாரிஸில் சட்டம் படித்துவிட்டு முந்தைய வருடம்தான் ஊர் திரும்பியிருந்தார். மார்ச் மாதம் தோக்கியோவில் ‘தோயோ ஜியூ ஷிம்புன்’ என்று ஒரு பத்திரிகை தொடங்குகிறது. தலைவர் சையோன்ஜி, ஆசிரியர் நகாயே சோமின். பேச்சு முழுக்க மக்களின் உரிமை பற்றி. அரசாங்கத்துக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வேறு யாராவது எழுதினால் பிடித்து உள்ளே போட்டுவிடலாம், இவரோ உயர்ந்த பிரபு குலம். சஞ்சோ சனெதோமி, இவாகுரா தொமோமி என்று அரசவையிலிருந்தே வந்த பெரியவர்கள் விலகிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். அப்புறம் ஏப்ரலில் பேரரசர் மெய்ஜியின் பெயரால் அந்தரங்கமாக ஒரு வார்த்தை வந்தது, விலகு என்று. மெய்ஜி இவரைவிட மூன்று வயது இளையவர். சிறுவயதில் அரண்மனையில் இவரோடு பழகி வளர்ந்தவர். சட்டத்தோடு வாதாடலாம், அமைச்சரோடும் வாதாடலாம். அந்த வார்த்தையோடு எப்படி வாதாடுவது? விலகினார். ஏப்ரல் முடிவதற்குள் பத்திரிகை நின்றுபோனது. நடந்ததை வெளியே சொன்ன ஒருவர் சிறைக்குப் போனார்.

அந்த உத்தரவைக் கேட்டு வாங்கியவர்களும் நல்லதுக்காகத்தான் கேட்டார்கள். இவாகுராவைக் கேட்டிருந்தால், நாடு சிதறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக என்றுதான் சொல்லியிருப்பார். அதை அவர் மனதார நம்பவும் செய்தார்.

இரண்டாவது அடி 1913இல். சையோன்ஜி அப்போது செய்யுகாய் கட்சித் தலைவர். கத்சுரா தாரோவின் அமைச்சரவை மேல் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. புதிய பேரரசர் தாய்ஷோ சையோன்ஜியைக் கூப்பிட்டு, அந்தச் சிக்கலைத் தீர்த்துவை என்றார். கட்சி கேட்கவில்லை, தீர்மானத்தைத் திரும்பப் பெற மறுத்தது. கட்சி செய்தது சரி. ஆனால் பேரரசர் சொன்னதை நிறைவேற்ற முடியவில்லை என்று சையோன்ஜி தலைமையைத் துறந்து கியோட்டோவுக்குப் போய்விட்டார். இந்த மனிதரிடம் போய், ஒரு உத்தரவு வாங்கித் தந்திருக்கலாமே என்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார். அத்தை எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மேலே படிக்கப் பிரியப்பட்டார். பெரியப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. நேராகச் சண்டை போட்டால் அத்தை ஜெயித்துவிடுவார் என்று தெரிந்து, தாத்தாவிடம் போய்ச் சொல்லி, ‘போதும்மா’ என்று ஒரு வார்த்தை வாங்கிவந்தார். அடுக்களை வாசலில் நின்று அத்தை அதைக் கேட்டுக்கொண்டார். பிற்பாடு தாத்தாவுக்கு அத்தை மேல்தான் உயிர். நிலம் பிரிக்கிற சமயத்தில் அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குரிய பங்கு கிடைத்திருக்கும். போகவில்லை. நான் கோபத்தில் பைத்தியக்காரத்தனம் என்றேன். “அங்க போய் நின்னா, அன்னைக்கு அவங்க செஞ்சதும் சரின்னு ஆயிடும்டா” என்றார். நஷ்டப்பட்டார். கடைசிவரை அதைப் பற்றி வேறு எதுவும் பேசவில்லை.

நீங்கள் அவசரப்பட்டுக் கோழை என்று எழுதிவிட்டீர்கள். கைபேசியில் அதை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? 1929ஐயாவது பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டாமா? முந்தைய வருடம், மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானியப் படையான குவாண்டுங் படையின் அதிகாரிகள் மஞ்சூரியத் தலைவர் சாங் ஸோலினை ரயிலோடு வெடிவைத்துக் கொன்றார்கள். தண்டிக்கிறேன் என்ற பிரதமர் தனாகா பின்வாங்கினார். பேரரசர் ஹிரோஹிதோ நேரடியாகக் கண்டிக்கத் தீர்மானித்தபோது, கூடாது என்றவர் சையோன்ஜி. கொலைகாரர்களைக் காப்பாற்ற அவர் அப்படிச் சொல்லவில்லை. தண்டித்தே ஆக வேண்டும் என்று தனாகாவை முதலில் நெருக்கியதே அவர்தான். அவர் சொல்லையும் மீறிக் கண்டிப்பு நடந்தது. என்ன ஆயிற்று? பிரதமர் போனார். படை அப்படியே இருந்தது. இரண்டே வருடத்தில் அதே படைதான் மஞ்சூரியாவைப் பிடித்தது.

1936 பிப்ரவரியில் இளம் ராணுவ அதிகாரிகள் தோக்கியோவில் செய்த கலகத்தைப் பேரரசர் கறாராக நின்று அடக்கினாரே என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். அடக்கினார், நான்கு நாளில். ஆனால் அதிலிருந்து ராணுவத் தலைமைதான் பலம்கூடி வெளியே வந்தது. பணியில் உள்ள தளபதி மட்டுமே ராணுவ அமைச்சராகலாம் என்ற பழைய விதியை அந்த மே மாதமே திரும்பக் கொண்டுவந்தார்கள். 1937 ஜனவரியில் சையோன்ஜி பரிந்துரைக்க, பேரரசரே முன்னாள் தளபதி உகாகி கஸுஷிகேயை அழைத்து ஆட்சி அமைக்கச் சொன்னார். ராணுவம் அமைச்சரைத் தர மறுத்தது. அவ்வளவுதான், உகாகி பிரதமராகவே முடியவில்லை. நீங்கள் கேட்ட ‘பேரரசரின் உத்தரவு’ இதோ கையில் இருந்தது. பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை.

அவர் மேல் எனக்கும் கோபம் உண்டு, அது வேறு இடத்தில். 1924இல் மட்சுகாதா இறந்த பிறகு பிரதமரைப் பரிந்துரைக்கும் மூத்தவர்களில் மிஞ்சியவர் சையோன்ஜி ஒருவர்தான். ‘கென்ரோ’ என்ற அந்த இடம் அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. தனக்குப் பிறகு யார், எந்த முறைப்படி என்று கட்டி வைக்க அவருக்குக் காலம் இருந்தது. அவர் ஒக்கிட்சுவில், சுருகா வளைகுடாவைப் பார்த்த மரவீட்டில் உட்கார்ந்திருந்தார். தோக்கியோவிலிருந்து ரயிலேறி அமைச்சர்கள் அங்கே வந்து நின்றார்கள். வந்தவர்களிடம் சொன்னாரே தவிர, எதையும் கட்டவில்லை. நம்பிக்கை வைத்ததோ கொனோயே ஃபுமிமாரோ மேல். ஏன்? பிரபு குலத்திலேயே உச்சியான வீடு, புஜிவாரா வழி. 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குத் தன்னோடு கூட்டிப்போனார். பிரிட்டனும் அமெரிக்காவும் தங்களுக்குத் தோதாக அமைக்கும் சமாதானம் வேண்டாம் என்று அந்த இளைஞன் அதற்குச் சற்று முன்னால்தான் எழுதியிருந்தான். கண்டித்தார், கைவிடவில்லை. பாரிஸில் பத்து வருடம் சமத்துவம் படித்தவர், கடைசியில் பிறப்பைப் பார்த்தார். 1937 ஜூனில் அவர் பரிந்துரையிலேயே கொனோயே பிரதமர். ஜூலையில் சீனாவோடு போர்.

1940 ஜூலையில் மறுபடி கொனோயே பெயர் வந்தபோது, தொண்ணூறு வயதுக் கிழவர் சம்மதம் சொல்ல மறுத்துவிட்டார். அதற்காக யாரும் தயங்கி நிற்கவில்லை. கொனோயே பிரதமரானார், செப்டம்பரில் ஹிட்லரோடு ஒப்பந்தம் ஆயிற்று, நவம்பர் 24 அன்று சையோன்ஜி இறந்தார். குற்றம் சொல்லத்தான் வேண்டும் என்றால் 1937 ஜூனைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். 1931க்காக அவரைக் கோழை என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என்ன படிப்பது என்று கேட்டிருந்தீர்கள், தனியாக எழுதுகிறேன்.