வெயில் கால சன்ஸ்கிரீன்: எண்ணைப் பார்க்கும் முன் அளவைப் பாருங்கள்

கேள்வி: மேடம், எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பைக் காட்டும் எண்) 50 தான் பூசுகிறேன். காலையில் பூசிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு. இரண்டே வாரத்தில் முகம் கறுத்துவிட்டது. எஸ்பிஎஃப் 100 வாங்கணுமா?

பதில்: வேண்டாம். தோலைச் சிவக்க வைக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98. அதற்கு மேல் எண் ஏறினாலும் கூடுவது கொஞ்சம்தான். குறை, பூசும் அளவில்தான் இருக்கிறது. அந்த எண்ணைச் சோதித்துக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அப்படிப் பார்த்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு கிராமுக்குச் சற்று மேலேயே வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை கோடு போலப் பிதுக்குங்கள், ஏறக்குறைய அந்த அளவு வரும். பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தால் ட்யூபில் 50 என்று இருந்தும் பயனில்லை. தினம் இருமுறை சரியாகப் பூசினால் 50 கிராம் ட்யூப் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். உங்களுடையது மூன்று மாதம் வருகிறதா? அப்படியானால் பூசுவது போதவில்லை. விலை கூடியதை வாங்கித் தொட்டுத் தொட்டு வைப்பதைவிட, தாராளமாகப் பூசக் கட்டுப்படியாகிற ஒன்றை வாங்குவதே நல்லது.

கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசுங்கள். வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கைக்குட்டையால் வியர்வையை அழுத்தித் துடைத்தால் பூசியதும் அதோடு போய்விடும், உடனே திரும்பப் பூசுங்கள். காது மடல், பின்கழுத்து, ஹேண்டில்பார் பிடிக்கும் புறங்கை இவைதான் பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள்.

கேள்வி: பிஏ என்று பக்கத்தில் பிளஸ் குறிகள் இருக்கின்றனவே?

பதில்: அது யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிரைத் தடுப்பதைக் காட்டுவது. தோலைக் கறுக்கவைப்பதில் இந்தக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யுவிஏ உள்ளே வந்துவிடும். மூன்று பிளஸுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் மாநிறம். எதைப் பூசினாலும் சாம்பல் அடித்த மாதிரி இருக்கிறது. கன்னத்தில் மங்கு வேறு.

பதில்: பல சன்ஸ்கிரீன்களில் இருக்கும் சிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டும் வெள்ளைப் பொடிகள், அதனால்தான் அந்தச் சாம்பல் பூத்த தோற்றம். உங்களுக்கு ஏற்றது டின்டட், அதாவது நிறம் கலந்த சன்ஸ்கிரீன். நிறத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. டின்டட் வகையில் நிறத்துக்காகச் சேர்க்கிற அயர்ன் ஆக்சைடு தடுக்கும். அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மங்குக்கு மருந்து பூசினாலும் இது இல்லாமல் பலன் நிற்காது.

கேள்வி: எண்ணெய் வழிகிற முகம், பருவும் வருகிறது.

பதில்: ஜெல் வகையில், நான்-காமெடோஜெனிக் (தோல் துளைகளை அடைக்காதது) என்று போட்டதை எடுங்கள். மாய்ஸ்சரைசர் போடுவதானால் முதலில் அது, காய்ந்தபின் சன்ஸ்கிரீன். இரண்டையும் உள்ளங்கையில் கலந்து பூசினால் நீர்த்துப்போகும். இரவு ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவாமல் படுக்காதீர்கள்.

கேள்வி: நாலு மாதக் குழந்தைக்குப் பூசலாமா?

பதில்: கூடாது. ஆறு மாதம் முடியும்வரை நிழல், தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை போதும்.

கேள்வி: வெள்ளைச் சட்டைக் காலரில் துருப்பிடித்த மாதிரி மஞ்சள் கறை. ப்ளீச் போட்டும் போகவில்லை.

பதில்: உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? பல சன்ஸ்கிரீன்களில் உள்ள அவோபென்சோன் என்ற வேதிப்பொருள், தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து இப்படிக் கறையாகும். ப்ளீச் அதை இன்னும் மோசமாக்கும். கறைமேல் எலுமிச்சைச் சாறோ லெமன் சால்ட் கரைசலோ விட்டு, சிறிது நேரம் ஊறவைத்து, நன்றாக அலசியபின் சோப்புப் போடுங்கள். ப்ளீச்சையும் இதையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். இனி சன்ஸ்கிரீன் நன்றாகக் காய்ந்தபிறகு சட்டை போடுங்கள்.

கேள்வி: ட்யூபை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன், சரிதானே?

பதில்: மே மாத வெயிலில் அந்த இடம் கொதிக்கும். க்ரீம் தண்ணீராகவும் திரியாகவும் பிரிந்து வந்தால் எக்ஸ்பைரி தேதி மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள். கைப்பையில் வையுங்கள்.