பையனுக்காக மொய் விருந்து வைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம். எங்கள் தெருவில் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு ரத்தப் புற்றுநோய். சென்னையில் அரசு மருத்துவமனையில் வைத்தியம் நடக்கிறது. அப்பா தேங்காய் உரிக்கப் போகிறவர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஆறாவது படிக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். இளைஞர் மன்றத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து, ஆடியில் அவர்கள் பெயரில் மொய் விருந்து வைக்கலாம், பஸ் ஸ்டாண்டில் பையன் படத்தோடு பிளக்ஸ் போடலாம் என்று முடிவெடுத்தோம். அவன் அப்பா 'வேண்டாம் தம்பி' என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அன்புத் தம்பி, தெருப்பிள்ளை ஒருவனுக்காக இத்தனை பேர் ஒன்றுசேர்ந்ததைப் படித்து மனசு நிறைந்தது. ஆனால் அவன் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவரைச் சம்மதிக்க வைப்பதை விடுங்கள், ஏன் வேண்டாம் என்கிறார் என்று யோசியுங்கள்.

மொய் விருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பிறந்தால் அதுதானே ஊர்ப் பேச்சு. பந்தலில் மேசை போட்டு ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் ஊரையும் பெயரையும் சொல்வார், இன்னொருவர் நோட்டில் ஏற்றுவார். அந்த நோட்டில் ஏறுகிற ஒவ்வொரு வரியும் கடன். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஆனாலும் கடன்தான். வைத்தவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி வைத்து, மேலேயும் கொஞ்சம் போட்டால்தான் மரியாதை. 2018-இல் கஜா புயலில் தென்னை சாய்ந்த பிறகு, பழைய மொய்யைச் செய்ய முடியாமல் எத்தனை குடும்பம் திணறியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மூன்று வருஷம் வைத்தியத்துக்கு அலையப்போகிற மனிதர் தலையில் அந்த நோட்டையும் ஏற்றினால், பையன் தேறி வருகிற நேரத்தில் அவர் மொய் செய்ய வட்டிக்கு வாங்கிக்கொண்டிருப்பார்.

மூன்று வருஷம் என்று சும்மா சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்கு இரண்டு முதல் மூன்று வருஷம் வரை சிகிச்சை உண்டு. முதல் சில மாதங்கள் ஊசியும் படுக்கையுமாகக் கடுமையாக இருக்கும். அப்புறம் பெரும்பாலும் வீட்டிலிருந்தே மாத்திரை, குறித்த தேதியில் போய் ரத்தப் பரிசோதனை. எனக்குப் பயம் அந்தக் கட்டத்தில்தான். முடி முளைத்திருக்கும், பையன் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பான், கைக்காசும் தீர்ந்திருக்கும். 'அதான் சரியாப்போச்சே, இனி எதுக்கு அலையணும்' என்று யாராவது சொல்வார்கள். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் 30 சதவீதத்துக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது என்று பல காரணங்கள் உண்டு. வைத்தியத்தைப் பாதியில் விடுவதும் அதில் ஒன்று. அந்த ஒன்றை உங்கள் தெருவே தடுக்க முடியும்.

அதனால்தான் ஒரே நாளில் கொட்டிக் கொடுக்கும் பணத்தை விட மாதாமாதம் வருகிற பணம் அவர்களுக்கு உதவும் என்கிறேன். நீங்கள் கடைமடைக்காரர்கள், முறை வைத்துத் தண்ணீர் விடாவிட்டால் உங்கள் வாய்க்காலுக்கு என்ன வந்து சேரும் என்று தெரியும். பணமும் அப்படித்தான். நாற்பது பேர் ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போட்டால் 8,000 ரூபாய். வைத்தியம் முடிகிற மாதம் வரை அது நிற்காமல் போய்ச் சேர வேண்டும்.

எதற்குக் கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவர்களிடம் இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை அதில் வழி உண்டு. மருத்துவச் செலவை அது தாங்கட்டும். அது தாங்காதவை வேறே இருக்கின்றன. கூட இருக்கிற அம்மாவின் சாப்பாடு, அப்பா இழக்கும் கூலி, திடீரென்று காய்ச்சல் கண்டால் ராத்திரியில் பிடிக்கும் வண்டி. இந்தச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வண்டிக்காரர் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். ரயிலில் புற்றுநோய் நோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் இல்லை, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான படிவத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போய்வருகிறவர்கள் உண்டு.

அந்த அக்காவை மறந்துவிடாதீர்கள். தம்பிக்கு உடம்பு சரியில்லாத வீட்டில் அவளை 'சாப்பிட்டாயா' என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. தெருவில் இரண்டு வீட்டுப் பெண்கள் முறை போட்டு அவளுக்கு ராத்திரிச் சாப்பாடும் பாடம் படிக்க ஓர் இடமும் கொடுத்தால், அதுவும் நன்கொடைதான்.

பணமே கொடுக்க முடியாதவர்கள் ரத்தம் கொடுக்கலாம். இந்தச் சிகிச்சையில் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சட்டென்று இறங்கிவிடும். தானமாகப் பெற்ற தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் ஆள் மாற்றி ஆள் தேவைப்படுவார்கள். உங்கள் ஊர்ப் பையன்கள் எத்தனை பேர் சென்னையில் வேலை பார்க்கிறார்கள்! அவர்கள் பெயரையும் ரத்த வகையையும் ஒரு தாளில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுங்கள். முன்பின் தெரியாத ஊரில் யாரைக் கூப்பிடுவது என்று அவர் தவிக்காமல் இருப்பார்.

பிளக்ஸ் வேண்டவே வேண்டாம். நாளைக்கு அவன் அதே பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பள்ளிக்கூடம் போக வேண்டியவன். முடி கொட்டிய அவன் முகத்தை ஊரெல்லாம் பார்த்திருந்தால், வகுப்பில் அவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசியுங்கள். வாட்ஸ்அப்பில் போன படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து, கீழே தன் ஜிபே எண்ணைப் போட்டு வசூல் செய்யலாம். அப்படி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயரும் படமும் இல்லாமல் 'நம் தெருப்பிள்ளை' என்று சொன்னாலே உங்கள் ஊரில் கொடுப்பார்கள். சந்தேகப்பட்டுக் கேட்பவருக்கு, அப்பாவின் அனுமதியோடு மருத்துவர் கடிதத்தை நேரில் காட்டுங்கள்.

பணம் யாருடைய சொந்த எண்ணுக்கும் வரக் கூடாது. மூன்று பேர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள், அதில் ஒருவர் மகளிர் குழுவில் கணக்குப் பார்த்துப் பழகிய அக்காவாக இருக்கட்டும். மாதா மாதம் வரவு செலவை மன்றத்துச் சுவரில் ஒட்டுங்கள். வருமான வரி விலக்குக்கு ரசீது கேட்பவரிடம், தனிக் குடும்பத்துக்குக் கொடுப்பதற்கு அந்த விலக்கு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊரைக் கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கூட்டுங்கள்: கறி விருந்து வேண்டாம், டீ போதும். மன்றத்தின் பெயரில் நடக்கட்டும். 'இது மொய் இல்லை, யாரும் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை' என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு உண்டியலை வையுங்கள். பெயர் எழுதும் நோட்டே வேண்டாம்.

பேச வாய் வராத ஒன்றையும் இப்போதே தீர்மானியுங்கள். பணம் மிஞ்சினால் என்ன செய்வது, விபரீதமாக ஏதாவது நடந்தால் என்ன செய்வது? பையன் நல்லபடியாக வருவான் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனாலும் எழுதி வைக்காத பணத்தால் நல்ல நண்பர்களே பிரிந்துவிடுவார்கள். அப்படி ஏதும் நடந்தால், வைத்தியத்துக்கு வாங்கிய கடனை அடைத்த பிறகுதான் மற்றதெல்லாம் என்பது என் எண்ணம்.

இனி அந்த அப்பாவைப் பார்க்கக் கூட்டமாகப் போகாதீர்கள். நீங்களும், அவர் மதிக்கிற பெரியவர் ஒருவரும் போதும். மொய் விருந்து இல்லை, படம் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ரேஷன் கார்டையும் ஆதாரையும் வாங்கிக்கொண்டு மறுநாளே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுங்கள். அது கையில் வந்ததும் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்ய அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைய கூலியை மன்றம் கொடுத்துவிடட்டும்.