காணொளியில் பார்த்தது கைக்கு வருமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 70 வயதைக் கடந்த என் தந்தையும் பத்து மாதக் குழந்தையும் இருக்கிறார்கள். முதலுதவி பற்றிய காணொளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போயே ஆக வேண்டும் என்கிறார் என் மனைவி. அது அவசியம்தானா?

பதில்: அவசியம்தான். உங்கள் வீட்டில் உள்ள அந்த இருவரையும் முன்வைத்தே காரணத்தைச் சொல்கிறேன்.

ஒருவருடைய இதயத் துடிப்பு திடீரென நின்றுவிட்டால், மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டமும் அக்கணமே நின்றுவிடுகிறது. சுமார் நான்கு நிமிடங்களிலேயே மூளை மீளாத பாதிப்புக்கு உள்ளாகத் தொடங்கலாம். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அந்த ரத்த ஓட்டத்தை ஓரளவேனும் தக்கவைக்கக்கூடியவர், அருகில் இருந்து மார்பை அழுத்துபவர் மட்டுமே. பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுப்பகுதியில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக மேலெழும்ப இடம் கொடுக்க வேண்டும்.

இந்த எண்களை நீங்கள் காணொளியிலேயே கேட்டிருப்பீர்கள். ஆனால் 5 செ.மீ. ஆழத்துக்கு எவ்வளவு பலம் தேவை என்பது காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியதன்று. வகுப்புக்கு முதன்முறையாக வருபவர்களில் பெரும்பாலோர், வலித்துவிடுமோ, எலும்பு முறிந்துவிடுமோ என்ற தயக்கத்தில் மிக மேலோட்டமாக அழுத்துவதையே பயிற்சியளிப்பவன் என்ற முறையில் நான் காண்கிறேன். முழங்கையை மடக்காமல், உடல் எடையைத் தோள் வழியாக இறக்கும்படி ஒருவர் அருகில் நின்று திருத்திய பிறகே அழுத்தம் சரியாக அமைகிறது. இரண்டு நிமிடங்களுக்குள் கை எவ்வளவு ஓய்ந்துபோகும் என்பதும் அப்போதுதான் புரியும். மார்பு அழுத்த முறையை விளக்கும் மருத்துவக் கட்டுரை வெளியான அதே 1960இல், நார்வேயைச் சேர்ந்த பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லார்டால் அதற்கான பயிற்சிப் பொம்மையையும் அறிமுகப்படுத்தினார். செய்து பழகாமல் இது கைக்கு வராது என்பதை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்கள்.

அழுத்துவதைவிடக் கடினமானது, அழுத்த வேண்டிய நேரம் இதுதான் என்று கண்டுகொள்வது. இதயம் நின்ற பிறகும் சிலருக்கு விட்டு விட்டு, குறட்டை போன்ற ஒலியுடன் வாய் திறந்து மூடும். அது சுவாசமன்று, ஆனால் அருகில் இருப்பவர்கள், மூச்சு இருக்கிறதே என்று நம்பிக் காத்திருந்து விலைமதிப்பற்ற நிமிடங்களை இழந்துவிடுகிறார்கள். நல்ல பயிற்றுநர் இதை நடித்தே காட்டுவார். ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை.

இனி உங்கள் குழந்தை. தொண்டையில் ஏதேனும் அடைத்துக்கொண்டால் பெரியவர்களுக்குச் செய்வதைப் போல ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றை அழுத்தக் கூடாது, உள்ளுறுப்புகள் காயமடையக்கூடும். குழந்தை சத்தமாக இருமினால் இருமவே விட வேண்டும். இருமவும் அழவும் முடியாத நிலையில், தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு இடையே ஐந்து முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் மல்லாத்தி, நெஞ்சில் ஐந்து அழுத்தங்கள் தர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது மேலும் உள்ளே போய்விடலாம். நெளியும் சிறு உடலை ஒரு கையில் தாங்கிக்கொண்டு இவற்றைச் செய்வதற்கு, குழந்தை அளவிலான பொம்மையில் பலமுறை பழகியிருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவற்றைக் கைவிடச் செய்வதும் பயிற்சியின் பெரும்பயன். தீக்காயத்தில் பற்பசையோ பனிக்கட்டியோ வைக்காமல் 20 நிமிடங்கள் ஓடும் நீரில் காட்டுவதும், வலிப்பு வந்தவரின் வாயில் எதையும் திணிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைப்பதும் எளியவைதாம். பதற்றத்தில் பழைய பழக்கமே முந்திக்கொள்கிறது.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒவ்வொருவருக்கும் பொம்மையில் போதிய நேரம் கிடைக்குமா, குழந்தைகளுக்கான முதலுதவியும் உண்டா, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியைக் கையாளப் பழக்குவார்களா என்று கேளுங்கள். உரையை மட்டும் கேட்கவைத்துச் சான்றிதழ் தரும் வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல சான்றிதழ்கள் இரண்டு ஆண்டுகள் செல்லும் என்றாலும், கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். ஆகவே இடையிடையே பொம்மையில் மீண்டும் பழகிக்கொள்ள வாய்ப்பிருந்தால் தவறவிடாதீர்கள்.

இயன்றால் நீங்கள் இருவருமே செல்லுங்கள். ஒருவர் அழுத்தும்போது மற்றவர் உதவிக்கு அழைக்கலாம், இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். இருவரும் ஒரே சமயத்தில் போக முடியாதென்றால், தந்தையோடும் குழந்தையோடும் அதிக நேரம் வீட்டில் இருப்பவர் முதலில் போகட்டும்.