கோடை இடி: வாசகர் கேள்விகள்

மே மாதம் ஊட்டிக்குப் போகிறோம். காலையில் சுள்ளென்று வெயில், மதியம் இடிமழை, சாயங்காலம் நடுக்கம் என்கிறார்கள். ஏன் இப்படி? என்ன துணி எடுத்துப்போவது?
— வாசகி, திருப்பூர்

மேலே போகப்போக, ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2,240 மீட்டரில். கீழே 36 டிகிரி அடிக்கும்போது மேலே 23தான் இருக்கும். காலை வெயிலில் சரிவு சூடாகி, அதை ஒட்டிய ஈரக்காற்று மலையேறுகிறது. பதினோரு மணிக்குக் காலிஃபிளவர் மாதிரி வெள்ளை மேகம் திரளும். அதன் அடிப்பக்கம் கறுத்தால் இரண்டு மணிக்கு மேல் இடி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழைத்துளி ஆவியாவதும் ஆலங்கட்டி உருகுவதும் காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அந்தக் குளிர்காற்று தரையில் வந்து விழும்போது கால் மணி நேரத்திலேயே ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். அப்போது நனைந்த ஜீன்ஸோடு நிற்பதுதான் ஆபத்து. ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் தோள்பையில் இருக்க வேண்டும், வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தொட்டபெட்டா போன்ற உச்சிகளைப் பகல் பன்னிரண்டுக்குள் பார்த்து இறங்கிவிடுங்கள்.

கொழுந்து பறிக்கும்போது இடி இடித்தால் சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்குகிறோம். மரமே இடிதாங்கி என்கிறார்கள். சரிதானா?
— தோட்டத் தொழிலாளி, கோத்தகிரி

இல்லை, தயவுசெய்து ஒதுங்காதீர்கள். இடிதாங்கியில் கனமான உலோகப் பட்டை மின்சாரத்தை நேராக மண்ணுக்குள் கொண்டுபோகும். மரத்துக்கு அப்படி வழி கிடையாது. மின்னல் பாய்ந்த மரத்தைப் பாருங்கள்: உள்ளே இருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி வெடித்து, மேலிருந்து தூர் வரை பட்டை நீளக் கீற்றாக உரிந்திருக்கும். அதே மின்சாரம் பக்கத்தில் நிற்பவர் மீது தாவும், தரையிலும் பரவும். இரண்டு கால்களும் தள்ளியிருந்தால் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். மாடுகளுக்கு முன்காலும் பின்காலும் வெகுதூரம் தள்ளியிருப்பதால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகிறது. மரத்தடி மாடுகள் கூட்டமாகச் சாவது அதனால்தான்.

மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள். இடி கேட்க ஆகும் நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் தூரம். முப்பது நொடிக்குள் கேட்டால் கூடையை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கான்கிரீட் கட்டடத்துக்குள் போகலாம், இல்லையென்றால் உலோகக் கூரையுள்ள வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காரலாம். நாலு பக்கமும் திறந்த எடைக்கொட்டகை, டிராக்டர், பைக் எதுவும் காப்பாற்றாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வாருங்கள். இந்த அரை மணியில் அவசரப்பட்டு வெளியே வந்து அடிபடுபவர்களும் உண்டு.

போக இடமே இல்லையா? மேட்டிலிருந்து இறங்கி, கம்பிவேலியை விட்டு விலகி, பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள். படுக்கக் கூடாது. ஆளுக்கு ஆள் தள்ளியே இருங்கள்: ஒருவர் விழுந்தால் தூக்க இன்னொருவர் வேண்டும். விழுந்தவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, தயங்காமல் தொடலாம். மூச்சில்லை என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நடுநெஞ்சில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

மேஸ்திரிகளுக்கு ஒரு வார்த்தை. ‘தாமினி’ செயலி 20, 40 கி.மீ. சுற்றளவில் மின்னலுக்கு எச்சரிக்கை தரும். பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது. போனோடு மேட்டில் ஒருவரை நிறுத்தி, எச்சரிக்கை வந்ததும் விசில் ஊதிவிட்டு இறங்கிவிடச் சொல்லுங்கள்.

ஆலங்கட்டி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கிழிந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?
— விவசாயி, கேத்தி

அவசரம் வேண்டாம். தண்டு பச்சையாக இருந்தால் துளிர்க்கும். முதலில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இலைக்கருகல் பரவும், கிழிந்த இலை தாங்காது. காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கரும்புள்ளியைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அதுதான். மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து, இலை காய்ந்த பிறகு அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். ஒட்டுப்பசை சேர்க்காவிட்டால் அடுத்த மதிய மழையே கழுவிவிடும்.