வால்டேர் சொல்லாத வால்டேர் மேற்கோள்

நம்பிக்கை, வாதம், பேச்சுரிமை பற்றிப் பிடித்த மேற்கோள் எது என்று கேட்டிருக்கிறீர்கள். "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரைக் கொடுத்தும் போராடுவேன்" என்பதைத்தான் பலரும் முதலில் எடுத்துவிடுவார்கள், நானும் வெகுநாள் அதைப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பெயரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது அவர் எழுதியதே இல்லை. அவருடைய மனப்போக்கை விளக்க ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் 1906-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதிய வரி. வால்டேர் இறந்ததோ 1778-இல்! கேட்டதும் நம்பிவிட்டேன், அதுவும் "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று குறள் 423-ஐ மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற நான்.

இப்போது மனதில் நிற்பது ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதியது: தன் தரப்பை மட்டும் தெரிந்தவனுக்கு அதுவுமே அதிகம் தெரியாது. படிக்கும்போது சும்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். ஒருநாள் கடவுள் உண்டா இல்லையா என்று நண்பனோடு இரண்டு மணி நேரம் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தபோது, "சரி, நான் என்ன சொல்றேன்னு நீயே சொல்லு பார்ப்போம்" என்றான். சொன்னேன். பாதிக்கு மேல் அவன் சொல்லவே இல்லாதது.