பெர்சபோலிஸ்ல மனுஷங்களே இல்லையா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் தோஹாவுல இருக்கேன், வீட்டுக்காரருக்கு இங்கதான் வேலை. ரெண்டு பேரும் ஈரான்ல ஷிராஸ் போயிருந்தோம், அங்கிருந்து கார் எடுத்துக்கிட்டு பெர்சபோலிஸ், அதான் அந்தப் பழைய பாரசீக ராஜாக்களோட இடிஞ்ச அரண்மனை. ஸ்கூல் புக்ல அந்தத் தூண் படத்தைப் பார்த்த நாள்லருந்து ஆசை. ஆனா உண்மையைச் சொல்றேன் அக்கா, மூணு மணி நேரம் சுத்தினோம், எனக்கு ஒண்ணுமே ஒட்டல. தூண், வாசல், படிக்கட்டு, திரும்பத் தூண். பிரம்மாண்டமாதான் இருக்கு, ஆனா ராஜாவைத் தவிர மனுஷங்க யாருமே அங்க வாழலையோன்னு தோணிச்சு. கைடு சொன்ன ஒண்ணுதான் மனசுல நின்னுச்சு, அடிமைகளே இல்லாம எல்லாருக்கும் சம்பளம் குடுத்து, பெண்களுக்குப் பிரசவ லீவும் குடுத்துக் கட்டின அரண்மனைன்னு. திரும்பி வந்து பார்த்தா அதே விஷயம் வாட்ஸப்லயும் சுத்துது. உண்மையா? போட்டோ சிலது அனுப்பியிருக்கேன். நான் எதைப் பார்க்காம வந்துட்டேன்?

பெயர் போட வேண்டாம்.

உங்கள் வாசகி, தோஹா

*

அன்புள்ள தோழிக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை அங்க போயிட்டு வந்தப்ப எனக்கும் இதேதான் ஆச்சு, ஷிராஸ் ஹோட்டல் ரூம்ல உக்காந்து இவ்ளோ தூரம் வந்தும் ஏன் இப்படி வெறுமையா இருக்குன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். அதனால நீங்க சரியா பார்க்கலன்னு சொல்ல மாட்டேன். அங்க இருந்த மனுஷங்களோட விவரம் அந்தக் கல்லுல இல்ல. அது களிமண்ணுல இருந்துச்சு, அந்தக் களிமண்ணும் 1930கள்லயே பெட்டி பெட்டியா சிகாகோவுக்குப் போயிடுச்சு.

முதல்ல கல்லைப் பத்தி சொல்லிடறேன். கி.மு. 518 வாக்குல பாரசீக ராஜா டேரியஸ் ஆரம்பிச்சது, அவர் மகன் செர்க்சிஸ், பேரன் அர்த்தசெர்க்சிஸ்னு தலைமுறை தலைமுறையா கட்டிக்கிட்டே போனாங்க, குஹ்-இ-ரஹ்மத் மலையடிவாரத்துல சுமார் 450 மீட்டருக்கு 300 மீட்டர் மேடை, அது மேல மொத்த அரண்மனையும். நீங்க ஏறின அந்த 111 படி ஞாபகம் இருக்கா, ஒவ்வொண்ணும் நாலு விரக்கடை உசரம்தான் இருக்கும், குதிரை ஏறுறதுக்காகன்னு கைடுங்க சொல்வாங்க, எனக்கென்னவோ நீள அங்கி போட்டுக்கிட்டு வந்தவங்க மூச்சு வாங்காம, கம்பீரமா ஏறி வரட்டும்னுதான் அப்படி வெச்சிருக்காங்கன்னு தோணுது. மேல வந்ததும் செர்க்சிஸோட அனைத்து நாடுகளின் வாசல், அதுல பழைய பாரசீகம், ஈலாமிய மொழி, பாபிலோனிய மொழின்னு ஒரே விஷயத்தை மூணு மொழியில செதுக்கி வெச்சிருக்கு. எல்லாமே வர்றவங்க பார்க்கணும்னு செஞ்சது.

அபதானா, அதாவது ராஜா எல்லாரையும் சந்திச்ச பெரிய மண்டபம், அதோட கிழக்குப் படிக்கட்டுதான் அங்க உயிர். 23 நாட்டுக் கூட்டம் வரிசையா திறை கொண்டு வருது, ஒவ்வொரு கூட்டத்தோட தலைவரையும் அரண்மனை ஆள் ஒருத்தர் கையைப் பிடிச்சு கூட்டிக்கிட்டு வர்றார், யாரும் யாரையும் அடிக்கல, யார் கையும் கட்டியிருக்கல. சிற்பம் நேத்து செதுக்கின மாதிரி இருக்கே, எப்படின்னு நீங்க நினைச்சிருப்பீங்க. கி.மு. 330ல அலெக்சாண்டரோட ஆட்கள் தீ வெச்சப்ப தேவதாரு உத்தரம் எல்லாம் எரிஞ்சு, சுத்தியிருந்த பச்சை செங்கல் சுவரெல்லாம் சரிஞ்சு, இந்தப் படிக்கட்டை அப்படியே மூடிடுச்சு. 1930கள் தொடக்கத்துல எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட்ங்கற தொல்லியல் ஆய்வாளர் தோண்டி எடுக்கற வரைக்கும் வெயிலும் மழையும் அது மேல படவே இல்ல. வடக்குப் படிக்கட்டு வெளிய நின்னதால தேய்ஞ்சு போச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பார்த்தா தெரியும்.

ஆனா இதே டேரியஸ்தான் பெஹிஸ்துன் மலையில தன்னை எதிர்த்தவங்களைக் கழுத்துல கயிறு கட்டி நிக்க வெச்சு செதுக்கினவர். மூக்கை அறுத்தேன், காதை அறுத்தேன், கழுவுல ஏத்தினேன்னு அங்க அவரே எழுதி வெச்சிருக்கார். அதனால பெர்சபோலிஸ் படிக்கட்டுல இருக்கற சாந்தம், ராஜா தன் ராஜ்யம் எப்படித் தெரியணும்னு ஆசைப்பட்டாரோ அதோட படம். அழகான படம், மனசார சொல்றேன். ஆனா அதுல இருக்கறவங்களுக்கு பேர் கிடையாது, பசி கிடையாது. உங்களுக்கு ஒட்டாம போனது அதனாலதான் இருக்கும்.

இப்ப களிமண். 1933ல, தோண்டின மண்ணை வெளிய கொண்டு போக வடகிழக்கு மூலையில பாதை போடறப்ப, பழைய மதில் சுவரோட அறைகள்ல களிமண் பலகைங்க கிடைச்சது, உடைஞ்ச துண்டையும் சேர்த்தா பத்தாயிரக்கணக்குல. உள்ளங்கைக்குள்ள அடங்கற அளவு. முடிச்சு போட்ட நூலைச் சுத்தி ஈரக் களிமண்ணைப் பிடிச்சு, ஆப்பு எழுத்துல குறிச்சு, முத்திரை உருட்டி வெச்சிருக்காங்க, பிடிச்சவங்க விரல் ரேகை கூட சிலதுல அப்படியே இருக்கு. பெரும்பாலும் ஈலாமிய மொழி, கொஞ்சம் அராமிக். எல்லாம் கி.மு. 509லருந்து 493 வரைக்குமான கணக்கு. கடனா வாங்கிட்டுப் போயி சிகாகோ பல்கலைக்கழகத்துல வெச்சுப் படிச்சாங்க, ரிச்சர்ட் ஹாலக்னு ஒருத்தர் பல வருஷம் அதுலயே கிடந்து 1969ல 2,087 பலகையோட வாசகத்தை வெளியிட்டார்.

திறந்து பார்த்தா போர் இல்ல, வெற்றி இல்ல. யாருக்கு எவ்ளோ பார்லி, யாருக்கு எவ்ளோ ஒயின், யாருக்கு எத்தனை ஆடு, இதுதான். சுருக்கமா சொன்னா ரேஷன் கணக்கு!

எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டு. ஒண்ணு, டேரியஸ் தன் மனைவி இர்தஷ்துனாவுக்கு 100 ஆடு குடுக்கச் சொல்லி ஆர்டர் போட்டது. ராஜா நேரா எழுதறதில்ல, பர்னக்கான்னு நிர்வாகத் தலைவர், அவர் ஆட்டு மந்தைக்குப் பொறுப்பானவருக்கு எழுதறார், ராஜா என்கிட்ட சொன்னார், நான் உனக்குச் சொல்றேன், என் சொத்துலருந்து 100 ஆடு அந்த அம்மாவுக்கு குடுங்கறது ராஜா வாக்குன்னு. 2,500 வருஷம் கழிச்சும் அந்த ஆபீஸ் குரல் அப்படியே கேக்குது. இன்னொண்ணு, ஒரே ஒரு பலகை கிரேக்க மொழியில இருக்கு, ரெண்டு அளவு ஒயின், மாசத்தோட பேர், அவ்ளோதான். பாரசீக ராஜாவோட ஸ்டோர் ரூம்ல கிரேக்கத்துல கணக்கு எழுதின ஒருத்தர் இருந்திருக்கார், அதைப் படிக்கத் தெரிஞ்ச இன்னொருத்தரும் இருந்திருக்கார்.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். அடிமைகளே இல்லையா, பிரசவ லீவு இருந்துச்சா?

பலகைங்கள்ல வேலைக்காரங்களுக்கு குர்தாஷ்னு பேர். எகிப்து, பாபிலோன், லிசியா, திரேஸ், அயோனியான்னு எங்கெங்கயோ இருந்து வந்தவங்க, கூட்டம் கூட்டமா ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்கு மாத்தப்பட்டவங்க. ரேஷன் கிடைச்சது உண்மை, சாதாரண ஆம்பளைக்கு மாசம் ஏறக்குறைய 30 லிட்டர் தானியம், அதாவது நாளுக்கு ஒரு படிக்கும் குறைவு. பின்னாடி காலத்துல வெள்ளியாவும் கொஞ்சம் குடுத்திருக்காங்க, அது கஜானாவுல கிடைச்ச வேற பலகைங்கள்ல இருக்கு. ஆனா அவங்க விருப்பப்பட்டு வந்தாங்களா, வேண்டாம்னா ஊருக்குத் திரும்பிப் போக முடிஞ்சுதாங்கறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. சங்கிலி போட்டு சாட்டையால அடிச்ச சினிமா அடிமைன்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல, அதே மாதிரி சம்பளம் வாங்கின சுதந்திரத் தொழிலாளின்னு சொல்லவும் முடியாது, என்னைக் கேட்டா ரெண்டாவதைச் சொல்றதுக்கு ரொம்பவே தயங்குவேன்.

ஒப்பிட்டுப் பார்க்க இதே பர்னக்கா. நாளுக்கு ரெண்டு ஆடு, ஏறக்குறைய 170 லிட்டர் மாவு, 85 லிட்டர் ஒயின், தினமும்! அவர் வீட்டு ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான் இருக்கணும், இருந்தாலும் பாருங்க.

பிரசவம் பத்தி. குழந்தை பெத்த வேலைக்காரப் பெண்களுக்கு தனியா கூடுதல் ரேஷன் குடுத்திருக்காங்க, இது உண்மை, நிறைய பலகைங்கள்ல இருக்கு, இதைப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அது கூடுதல் தானியமும் ஒயினும் பீரும்தான், லீவுன்னு யாரோ பின்னாடி சேர்த்தது. ஃபார்வர்டுல விட்டுட்ட இன்னொண்ணும் இருக்கு: ஆண் குழந்தை பெத்த தாய்க்கு என்ன குடுத்தாங்களோ அதுல பாதிதான் பெண் குழந்தை பெத்தவளுக்கு. அதே ஸ்டோர், அதே எழுத்தர். ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துல கைக்குழந்தையோட நின்னு வாங்கிட்டுப் போற மாதிரி எனக்குத் தோணிக்கிட்டே இருக்கும், அதை நினைக்காம என்னால அந்த அரண்மனையைப் பார்க்கவே முடியறதில்ல. பெண்களையே கூட்டத்துக்குத் தலைமை வெச்சு, சாதாரண ஆம்பளைங்களை விட அதிகமா ரேஷன் குடுத்ததும் அதே பலகைங்கள்ல இருக்கு, அதையும் சேர்த்தே சொல்லணும். பாதியை மட்டும் எடுத்து பெருமைக்கு சுத்த விட்டா அந்தப் பெண்களுக்கு ரெண்டாவது தடவை பாதி அளந்த மாதிரி ஆயிடும், அதனாலதான் இந்த ஃபார்வர்டைப் பார்த்தா எனக்கு இவ்ளோ வருத்தம்.

இந்தப் பலகைங்களை ஈரானோட சொத்துன்னு சொல்லி அமெரிக்க கோர்ட்ல நஷ்ட ஈட்டுக்காக பறிமுதல் பண்ணப் பார்த்தாங்க, ஈரான் ஆதரவோட நடந்துச்சுன்னு சொல்லப்பட்ட குண்டுவெடிப்புல பாதிக்கப்பட்டவங்க போட்ட வழக்கு, அவங்க வலியும் நிஜம்தான். 2018ல உச்ச நீதிமன்றம் பறிமுதல் பண்ண முடியாதுன்னு சொல்லிடுச்சு, 2019ல 1,783 பலகை ஈரானுக்குத் திரும்பிப் போச்சு. ஏலத்துல ஆளுக்கொண்ணா சிதறிப் போயிருந்தா, எந்தத் தாய் எந்த ஊர்ல எந்த ஸ்டோர்ல வாங்கினாங்கன்னு கோத்துப் பார்க்கறதே நின்னு போயிருக்கும்.

கடைசியா உங்க போட்டோ. மூணாவது போட்டோவுல நீங்க கிழக்குப் படிக்கட்டு பக்கத்துல நிக்கறீங்க, உங்க தோளுக்குப் பின்னாடி ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு ஒரு ஆள் தெரியறார் பாருங்க. மேல துணி இல்லாம இடுப்புல வேட்டி மாதிரி கட்டிக்கிட்டு, தோள்ல காவடி மாதிரி ரெண்டு பக்கமும் கூடை தொங்க வர்றாரே, அவர் இந்தியர், ஹிந்துஷ்னு பாரசீகர் சொன்ன சிந்து பக்கத்துக் கூட்டம். கூடையில இருக்கற பைகள்ல தங்கத் தூள் இருக்கும்னு சொல்றாங்க, இந்தியர்கள் வருஷத்துக்கு 360 தாலந்து (அந்தக் கால எடை அளவு) தங்கத் தூள் கட்டினாங்கன்னு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் எழுதியிருக்கார். கல்லுல அவ்ளோதான். ஆனா அந்த ரோட்டுல வந்த இந்தியர்களும் பலகைங்கள்ல இருக்காங்க, ஹல்மின்னு முத்திரை போட்ட பயண அனுமதியோட ஒவ்வொரு இடமா தங்கித் தங்கி போனவங்க. அந்த மாதிரிப் பயணம் போற சாதாரண ஆளுக்கு நாளுக்கு சுமார் ஒன்றரை லிட்டர் மாவு குடுப்பாங்க. அந்த போட்டோவை வெட்டாம முழுசா எடுத்தது ஏதாவது உங்க போன்ல இருந்தா அனுப்புங்க, அவர் முகத்தைப் பார்க்கணும் எனக்கு.

அன்புடன்,
அக்கா