கணவர் மெதடோன் எடுக்கிறார். தூக்கமும் இல்லை, தாம்பத்தியமும் இல்லை. என்மேல் வெறுப்போ? நிறுத்தச் சொல்லலாமா?

நிறுத்தச் சொல்லாதீர்கள். ஹெரோயினை விடுவதற்காக என் தம்பியும் உங்கள் கணவரைப் போல ரொறன்ரோவில் மெதடோன் எடுக்கிறான். கொழும்பில் இருந்தபடி அவனோடு நாள்தோறும் பேசுவதால் எழுதுகிறேன். மெதடோனை விட்டவர் மறுபடி பழைய அளவில் ஹெரோயினைத் தொட்டால் உயிரே போகலாம். உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். அங்கே தெருவில் விற்பதில், ஹெரோயினைவிடப் பலமடங்கு வீரியமான ஃபென்டனில் வேறு கலந்திருக்கிறது.

"என்மேல் வெறுப்போ?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி நினைத்து வருந்தாதீர்கள். விரைகளை இயக்கும் மூளையின் ஹோர்மோன்களை மெதடோன் போன்ற அபின் வகை மருந்துகள் அடக்கிவிடும். ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் குறையும், ஆசையும் விறைப்பும் கூடவே போகும். காலையில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். அளவைக் குறைப்பதா, இந்தப் பாதிப்புப் பொதுவாகக் குறைவாக உள்ள மாற்று மருந்தான புப்ரெனோர்ஃபினுக்கு மாறுவதா என்பதை வைத்தியர் பார்ப்பார். குறைவை ஈடுசெய்யப் போடும் டெஸ்டோஸ்டெரோன் ஊசி விந்தணுக்களைக் குறைக்கும். பிள்ளை வேண்டுமென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் தம்பி வெட்கத்தில் வாயே திறக்கவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை.

தூக்கம் கெடுவதற்குக் காரணம் ஒன்றல்ல. இரவில் வியர்த்து, கால் உளைந்து, புரண்டுகொண்டே இருந்தால் மருந்து விடியும்வரை போதாமல் இருக்கலாம். அளவைக் கூட்ட வேண்டிவரும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்து, காலையில் தலையிடியோடு எழும்பினால் குறைக்க வேண்டிவரலாம். அதைக் கண்டறியத் தூக்கப் பரிசோதனை இருக்கிறது. பக்கத்தில் படுக்கும் உங்களுக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும். அவருடைய மூச்சைக் கைபேசியில் பதிவுசெய்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் அம்மா, மகன் உறங்கவில்லையே என்ற தவிப்பில், காலி வீதிப் பாமசியில் தன் துண்டுக்கு வாங்கிய டயஸெபாம் அட்டையை மிளகாய்த்தூள் பொதிக்குள் செருகி, ரொறன்ரோ போகும் உறவினரிடம் கொடுக்கப் பார்த்தார். நல்லவேளை, பொதி கட்டும்போது கண்டு எடுத்துவிட்டேன். மெதடோனும் அதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும். உங்கள் கணவர் ஏற்கெனவே தினமும் அப்படி ஏதாவது எடுத்துவந்தால், அதையும் திடீரென நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அபின் வகை மருந்து மிகையாகி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் நலொக்சோன், ஒன்ராறியோ மருந்தகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றே வாங்கி வையுங்கள். தட்டி எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகிக் கரகரத்தால், உடனே 911-ஐ அழைத்து நலொக்சோனைக் கொடுங்கள்.